கலைக்கென்று ஓர் அலைவரிசை

ஐக்கிய அமெரிக்காவின் நூற்றுக்கணக்கான தொலைக்காட்சி அலைவரிசைகளினிடையே விசித்திரமானதொன்று உண்டு. அதிலே விளம்பரம் இல்லை. அறிவிப்பாளர் இல்லை. இன்ன நேரத்தில் இன்ன நிகழ்ச்சி என்னும் அட்டவணையும் இல்லை. ஒரு பாடகி இசைநாடகமொன்றின் பாடலைப் பாடி முடிப்பாள்; அடுத்துப் பழைய மௌனப்படமொன்றின் சிறு பகுதி வரும்; அதன்பின் ஒரு பலே நடனம்; பின்னர் ஓர் ஓவியக்கூடத்தின் சுவர்கள். திரையின் அடியிலே கலைஞரின் பெயரும் படைப்பின் பெயரும் சில கணம் தோன்றி மறையும். அவ்வளவே. இரவும் பகலும் இவ்வாறே ஓடிக்கொண்டிருக்கும் அவ்வலைவரிசையின் பெயர் 'கிளாசிக் ஆர்ட்ஸ் ஷோகேஸ்'. 1994ஆம் ஆண்டு மே மாதம் 3ஆந் திகதி அது தொடங்கப்பட்டது. செய்மதிவழியே வரும் அதனை எந்த நிலையமும் ஒரு சதமும் கொடாது எடுத்து ஒளிபரப்பலாம்.

விளம்பரத்தின்மீதே எழுப்பப்பட்ட ஒரு தொலைக்காட்சி உலகிலே, ஒன்றையும் விற்காத அலைவரிசை எவ்வாறு முளைத்தது? அதற்கு முன்னர் அந்நாட்டில் கலைக்கென்றே தொடங்கப்பட்ட அலைவரிசைகளுக்கு நேர்ந்தது யாது? இவ்விரண்டும் ஒன்றோடொன்று பிணைந்த வினாக்கள். தொலைக்காட்சியிலே கலைக்கு இடமில்லையென்று வருந்துவோர் வழக்கமாக மக்களின் இரசனையையே பழிப்பர். 'சனங்கள் கேட்பதைத்தானே நாங்கள் கொடுக்கிறோம்' என்று நிலையத்தாரும் அதே பழியை வேறு வார்த்தைகளிற் கூறுவர். ஆனால் அமெரிக்கக் கலை அலைவரிசைகளின் நாற்பதாண்டு வரலாற்றை ஊன்றி நோக்குவோர்க்கு வேறோர் உண்மை புலப்படும். இரசனை பற்றிய வினாவை எவரும் உண்மையிற் கேட்டுப் பார்க்கவேயில்லை. அதற்கு முன்னரே செலவு பற்றிய வினா குறுக்கிட்டு முடிவைக் கூறிவிட்டது.

கேபிள் தொலைக்காட்சி கலையை வளர்ப்பதற்காகத் தோன்றியதன்று. 1948ஆம் ஆண்டளவிலே பென்சில்வேனியா, ஓரிகன் ஆகிய மாநிலங்களின் மலைப்பாங்கான சிற்றூர்களில் தொலைக்காட்சிப் பெட்டி விற்க முயன்ற வியாபாரிகள் ஒரு சங்கடத்தை எதிர்நோக்கினர். நகரிலிருந்து வரும் அலைகளை மலைகள் மறித்தன. படம் தெரியாத பெட்டியை வாங்குவார் எவர்? ஆகவே மலையுச்சியில் உயர்ந்ததொரு வானலை வாங்கியை நிறுத்தி, அங்கிருந்து வீடுகளுக்குக் கம்பி இழுத்தனர். ஏறத்தாழக் கால்நூற்றாண்டுக் காலம் கேபிள் என்பது இவ்வளவே: ஊரில் தெரியாத நகரத்து நிகழ்ச்சியை ஊருக்குக் கொண்டுவரும் கம்பி. அதற்கென்று சொந்தமாக ஒரு நிகழ்ச்சியும் இருக்கவில்லை.

இதே காலத்தில், நகரத்துப் பெரும் ஒளிபரப்பு நிறுவனங்கள் கலையை முற்றாகப் புறக்கணித்திருந்தன என்று எண்ணிவிடலாகாது. தொடக்ககாலத் தொலைக்காட்சியிலே கலை மதிப்புடனேயே நடத்தப்பட்டது. 1948இல் தொஸ்கானினியின் வாத்தியக் கோஷ்டியை என்.பி.சி. நிறுவனம் ஒளிபரப்பியது. தொலைக்காட்சிக்கென்றே ஆக்கப்பட்ட முதலாவது இசைநாடகமான மெனோட்டியின் 'அமாலும் இரவு விருந்தினரும்' 1951ஆம் ஆண்டு நத்தார் முதல்நாளிரவு அந்நிறுவனத்தின் மூலமே மக்களைச் சென்றடைந்தது. 1952இல் போர்ட் நிதியத்தின் பணத்தைக்கொண்டு 'ஒம்னிபஸ்' என்னும் கலை நிகழ்ச்சி சி.பி.எஸ். நிறுவனத்தில் ஆரம்பமாயிற்று. 1954 நவம்பரிலே லெனார்ட் பேர்ன்ஸ்டைன் அதிலே தோன்றி, பேத்தோவனின் ஐந்தாம் சிம்பனி எவ்வாறு திருத்தித் திருத்தி ஆக்கப்பட்டது என்பதைச் சாதாரண மக்களுக்கு விளங்கவைத்தார். சங்கீதம் படித்தவர்க்கு மட்டுமே உரியதெனக் கருதப்பட்ட ஒரு பொருளை இலட்சக்கணக்கானோர் தத்தம் வீட்டு மண்டபத்திலிருந்து கேட்டனர். இரசனையில்லாத சனங்கள் என்னும் வாதத்துக்கு இது ஒன்றே போதிய மறுப்பாகும்.

பின்னர் ஏன் நிலைமை மாறியது? தொடக்கத்தில் தொலைக்காட்சி நேரம் விலைபோகாத நேரமாக இருந்தது. விலைபோகாத நிலத்திலே பூந்தோட்டம் வைக்க எவர்க்கும் மனம் வரும். பெட்டிகள் பெருகி, ஒரு நிமிட விளம்பரத்தின் விலை ஏறியதும், தோட்டம் கட்டடமாயிற்று. கலை முதலில் இரவிலிருந்து ஞாயிறு பிற்பகலுக்குத் தள்ளப்பட்டது. பின்னர் அங்கிருந்தும் அகற்றப்பட்டது. தொஸ்கானினியின் கோஷ்டியை என்.பி.சி. 1954இலேயே கலைத்துவிட்டது. சி.பி.எஸ்.ஸிலிருந்து ஏ.பி.சி.க்கும், அங்கிருந்து என்.பி.சி.க்குமாக அலைந்த 'ஒம்னிபஸ்' 1961இல் முடிவுற்றது. அவ்வாண்டு மே மாதத்திலேதான், ஒளிபரப்பை மேற்பார்வை செய்யும் கூட்டாட்சி ஆணைக்குழுவின் புதிய தலைவர் நியூட்டன் மினோ, நிலையச் சொந்தக்காரர் மகாநாட்டிலே நின்று, அவர்களுடைய தொலைக்காட்சி ஒரு பெரும் பாழ்நிலமென்று முகத்துக்கு நேரே கூறினார். அவர்கள் கைதட்டிவிட்டு வீடு சென்றனர். அவர்களுடைய நிகழ்ச்சிகளிலே பெரிதாக ஒன்றும் மாறிவிடவில்லை.

1967இல் பொது ஒளிபரப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. அதன் வழியே எழுந்த பொதுத் தொலைக்காட்சி, 1970களிலே நடனத்தையும் இசைநாடகத்தையும் ஓரளவு மீட்டெடுத்தது. எனினும் ஆண்டுதோறும் அரசிடமும் நிறுவனங்களிடமும் பார்வையாளரிடமும் கையேந்தி வாழும் நிலையே அதற்கு வாய்த்தது.

இச்சூழலிலேதான் கேபிள் மீது புதியதொரு நம்பிக்கை பிறந்தது. 1971இல் ஸ்லோன் நிதியம் அமைத்த ஆணைக்குழுவொன்று தன் அறிக்கையை வெளியிட்டது. வருங்காலத் தொலைக்காட்சி நிறைவின் தொலைக்காட்சியாக விளங்கும் என்பது அதன் மையக் கருத்து. வான்வழி அலைகளுக்கு எல்லையுண்டு; ஆகவே ஒரு நகரில் நாலைந்து நிலையங்களுக்குமேல் இயங்க முடியாது. கம்பியிலோ இருபது, நாற்பது அலைவரிசைகளை அனுப்பலாம். மூன்றே நிறுவனங்கள் இருக்கையில் மூன்றும் ஒரே பெருங்கூட்டத்தின் பின்னால் ஓடும். நாற்பது இருந்தால், நாற்பதிலொரு பங்கினரான இசைப்பிரியர்க்கும் ஓர் அலைவரிசை கிடைக்குமன்றோ? கலை ஏன் தொலைக்காட்சியில் இல்லையென்றால் இடமில்லை. இடத்தை உண்டாக்கினாற் கலை தானாக வந்துசேரும். நல்லெண்ணங் கொண்ட அறிஞர் பலரும் இதனை மனமார நம்பினர்.

கணக்கிலே பிழையில்லை. பிழை வேறிடத்தில் இருந்தது. பார்வையாளர் தொகை நாற்பதிலொன்றாகக் குறைந்தால் செலவும் நாற்பதிலொன்றாகக் குறையுமென்று அவர்கள் எண்ணிவிட்டனர். பொருளியலாளரான வில்லியம் போமலும் வில்லியம் போவனும் 1966இலேயே அரங்கக் கலைகளின் பொருளாதாரத்தை ஆராய்ந்து ஒரு கசப்பான உண்மையை நிறுவியிருந்தனர். சப்பாத்துச் செய்யும் தொழிற்சாலை யந்திரத்தைப் புகுத்தி உற்பத்தியைப் பெருக்கலாம். ஆனால் நால்வர் வாசிக்கும் தந்தி வாத்திய இசையை வாசிக்கப் பேத்தோவன் காலத்தில் நால்வர் வேண்டியிருந்தது போலவே இன்றும் நால்வர் வேண்டும். அதே அரைமணி நேரமும் வேண்டும். ஏனைய தொழில்களிலே கூலி ஏற ஏற, கலையின் செலவும் அதனுடன் ஏறும்; உற்பத்தி மட்டும் ஏறாது. பத்தாயிரம் பேர் பார்த்தாலென்ன, பத்து இலட்சம் பேர் பார்த்தாலென்ன, இசைநாடகமொன்றை மேடையேற்றுஞ் செலவு ஒன்றே. இடத்தைப் பெருக்கிய பொறியியலாளர் இச்செலவை எங்ஙனம் குறைக்க முடியும்?

1975இல் எச்.பி.ஓ. நிறுவனம், மனிலாவில் நிகழ்ந்த முகமதலி-பிரேசியர் குத்துச்சண்டையைச் செய்மதிவழியே கேபிள் நிலையங்களுக்கு அனுப்பிக் காட்டியது. இதன்பின் நாடெங்கும் ஒரே நேரத்திற் சென்றடையும் கேபிள் அலைவரிசைகள் சாத்தியமாயின. அடுத்த சில ஆண்டுகளிலே செய்திக்கு ஒன்று, விளையாட்டுக்கு ஒன்று, சமயத்துக்கு ஒன்று எனப் பல எழுந்தன. கலைக்கோ ஒன்றல்ல, நான்கு எழுந்தன! 1980 டிசம்பரிலே 'பிராவோ'. 1981 ஏப்பிரலிலே ஹேர்ஸ்ட் பத்திரிகை நிறுவனமும் ஏ.பி.சி.யுங் கூடி நடத்திய 'ஆர்ட்ஸ்'; அதே ஆண்டு ஒக்டோபரிலே 'சி.பி.எஸ். கேபிள்', 1982இலே ஆர்.சி.ஏ. நிறுவனமும் ரொக்பெல்லர் கூட்டத்தாரும் இணைந்து தொடங்கிய 'என்ரர்டெயின்மென்ற் சனல்'. ஸ்லோன் ஆணைக்குழுவினரின் கனவு பத்தே ஆண்டில் நனவாகிவிட்டதென்றே அன்று தோன்றியிருக்கும்.

இந்நான்கினுள்ளும் சி.பி.எஸ். கேபிளின் கதையே நீண்ட கவனத்துக்குரியது. அதுவே மிகுந்த பணத்துடனும் மிகுந்த உண்மையுடனும் முயன்றது. சி.பி.எஸ். நிறுவனத்தைக் கட்டியெழுப்பிய வில்லியம் பேலி, நவீன ஓவியங்களைச் சேகரித்தவர். நியூயோர்க்கின் நவீன கலை அரும்பொருட் காட்சிச்சாலையிலே முக்கிய பதவிகளை வகித்தவர். முதுமையிலே அவர் தம் நிறுவனத்தின் பெயரிலே கலைக்கென்று ஓர் அலைவரிசையை விரும்பினார். பிற கலை அலைவரிசைகள் பெரும்பாலும் ஐரோப்பாவில் எடுத்த படங்களை வாங்கிக் காட்டின. சி.பி.எஸ். கேபிளோ தன் நிகழ்ச்சிகளிற் பெரும்பகுதியைத் தானே ஆக்கியது. நடன ஆசிரியை ட்வைலா தார்ப் தமது நடனங்களைப் படப்பிடிப்புக் கருவிக்கேற்ப மீளமைத்து அதற்கென ஒரு நிகழ்ச்சியை உருவாக்கினார். அரைமணி நேரம் ஒரே கலைஞரைக் கேள்வி கேட்டு உரையாடும் நிகழ்ச்சி இருந்தது, நாடகங்கள் இருந்தன. கலைஞர்க்கு ஊதியமும் உண்டு. அக்காலத்து நிகழ்ச்சிகளைப் பார்த்த விமர்சகர்கள் மனந்திறந்து பாராட்டினர்.

பதினான்கு மாதங்கள் அது வாழ்ந்தது. 1982 டிசம்பரிலே மூடப்பட்டது. ஏறத்தாழ 3 கோடி டொலர் நட்டமென்று கணக்குக் காட்டப்பட்டது. ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 400 கோடி டொலர் வருவாயுடைய ஒரு நிறுவனத்துக்கு அது தாங்கவொண்ணாத சுமையா என்று கேட்கலாம். ஆனால் முதலீட்டாளர் அவ்வாறு கேட்பதில்லை. பேலி நிர்வாகப் பொறுப்பிலிருந்து ஏற்கனவே விலகியிருந்தார், புதிய நிர்வாகத்தினர்க்கு அது ஒரு முதியவரின் ஆசை, அதற்குமேல் ஒன்றுமில்லை. அலைவரிசை ஏறத்தாழ 50 இலட்சம் வீடுகளைச் சென்றடைந்திருந்தது. விளம்பரதாரர்க்கோ அது போதவில்லை. நாற்பதிலொருவர் பார்க்கும் நிகழ்ச்சியை எத்தனை பேர் பார்த்தனர் என்று அளந்து சொல்ல அன்றைய கணக்கெடுப்பு முறைகளாலும் இயலவில்லை. அளக்க முடியாத பண்டத்துக்கு விலை பேசுவார் இல்லை.

அதே 1981இலே, சி.பி.எஸ். கேபிளுக்கு இரு மாதம் முன்னதாகத் தொடங்கிய இன்னோர் அலைவரிசையை ஈண்டு ஒப்பிட்டு நோக்குதல் பொருந்தும். அதுதான் 'எம்.டி.வி.' இசைத்தட்டு விற்பதற்காக இசைத்தட்டு நிறுவனங்களே தம் செலவில் எடுத்த சிறு படங்களை இலவசமாகப் பெற்று நாள்முழுதும் ஓட்டியது அது. அதாவது நிகழ்ச்சியே விளம்பரம். அந்த விளம்பரத்தின் நடுவே வேறு விளம்பரம். அதன் வெற்றியைக் கண்டு இளைஞரின் இரசனை கெட்டுவிட்டதெனப் பலர் அங்கலாய்த்தனர். இரசனை எதுவாயினுமாகுக, ஒன்று நடனக்காரிக்குச் சம்பளங் கொடுத்தது, மற்றது எவர்க்கும் ஒன்றுங் கொடுக்கவில்லை என்பதே இரண்டின் தலைவிதியையும் நிர்ணயித்தது.

இன்னொரு கோணமும் உண்டு. இவ்வலைவரிசைகள் விளம்பரதாரரிடம் தம்மை எவ்வாறு அறிமுகஞ் செய்துகொண்டன? எமது பார்வையாளர் தொகையிற் சிறியர், ஆனால் வருவாயிற் பெரியர் என்பதே அவற்றின் பல்லவி. கலை இங்கே உயர்ந்த வருமானத்தின் அடையாளமாகவே விலைபேசப்பட்டது. கேபிளும் அந்த வருமானத்தைத் தேடியே சென்றது. நியூயோர்க்கிலே செல்வர் வாழும் மன்ஹற்றனுக்கு 1970களின் தொடக்கத்திலேயே கம்பி வந்துவிட்டது. உழைப்பாளரும் கறுப்பின மக்களும் குடியேறிகளும் நிறைந்து வாழும் பிரொங்ஸ், புரூக்ளின் பகுதிகளிற் பெரும்பாலானவை 1980களின் பிற்பகுதிவரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஒரே நகரம், இடையில் ஓர் ஆறுதான். பேர்ன்ஸ்டைன் பேத்தோவனை விளக்கியபோது, பெட்டி வைத்திருந்த எவரும் அதைப் பார்த்தனர். கலைக்கென்றே தனி அலைவரிசை தோன்றியபோது, அது யார் வீட்டுக்குச் சென்றது என்பதையும் நாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

எஞ்சிய மூன்றின் கதையைச் சுருங்கக் கூறிவிடலாம். 'ஆர்ட்ஸ்' தனக்கென முழு அலைவரிசையும் இல்லாது, குழந்தைகளுக்கான அலைவரிசையொன்று இரவில் உறங்கிய பின்னர் அதன் இடத்தில் மூன்று மணிநேரம் ஒளிபரப்பியது. சந்தாவை நம்பிய 'என்ரர்டெயின்மென்ற் சனல்' பி.பி.சி. நிகழ்ச்சிகளைத் தனியுரிமையாகப் பெற்றிருந்தும் 1983இலே மூடப்பட்டது. இவ்விரண்டின் மிச்சங்களையும் ஒன்றாக்கி 1984 பெப்ரவரியில் 'ஏ அண்ட் ஈ' தோன்றியது. முதலெழுத்துக் கலையையும் இரண்டாவது களியாட்டத்தையும் குறித்தன. சில காலம் முதலெழுத்துக்கு மரியாதை இருந்தது. பின்னர் வாழ்க்கை வரலாறுகள் வந்தன. பழைய துப்பறியும் தொடர்கள் வந்தன. 2004இலே பிணையில் ஓடியவர்களைத் துரத்திப் பிடிக்கும் ஒருவரின் தொடர் வந்தது. 2013 ஆகஸ்டிலே, லூசியானாவில் வாத்து வேட்டைக்காரர்க்கான ஊதுகுழல் செய்து செல்வரான ஒரு குடும்பத்தின் தொடரை ஒரே இரவிற் பார்த்தோர் தொகை 1 கோடி 18 இலட்சம். பெயரின் முதலெழுத்து மட்டும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

'பிராவோ'வின் பிறப்பிலேயே ஒரு வேடிக்கை. முதற்கண் அது வாரத்தில் இரு நாட்கள் மட்டுமே வந்தது. அதனுடன் கூட்டாக அலைவரிசையைப் பங்கிட்டுக்கொண்டது ஆபாசப் படங்களைக் காட்டும் ஒரு சேவை. விளம்பரமின்றிச் சந்தாவில் வாழ்ந்த காலத்தில், உலகத் திரைப்படங்களையும் இசைநாடகங்களையும் அது உண்மையாகவே காட்டிற்று என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 1990களின் பிற்பகுதியில் அது விளம்பரத்தை ஏற்றது. 2002இலே என்.பி.சி. நிறுவனம் அதனை 125 கோடி டொலருக்கு வாங்கிற்று. தொஸ்கானினியின் கோஷ்டியைக் கலைத்த அதே நிறுவனம்! 2003இலே ஆடை அலங்காரம் சொல்லிக்கொடுக்கும் தொடர். 2006இலே செல்வந்த வீட்டுப் பெண்களின் சண்டைகளைக் காட்டும் தொடர். 125 கோடி டொலர் எதற்குக் கொடுக்கப்பட்டது? நாடகங்களுக்கன்று. அந்த அலைவரிசை ஏற்கனவே கோடிக்கணக்கான வீடுகளுக்குட் புகுந்திருந்தது. அந்த வாசலுக்கே அவ்விலை. கலையின் பெயரால் வாசல் திறக்கப்பட்டது. திறந்த பின்னர் உள்ளே வந்தது வேறு.

1996இலே 'ஒவேஷன்' என்னும் இன்னொன்று இவ்வழியில் முயன்றது. 2012ஆம் ஆண்டின் இறுதியில் டைம் வோர்னர் என்னும் பெரிய கேபிள் நிறுவனம், பார்ப்போர் மிகக் குறைவென்று காரணங் காட்டி அதனைத் தன் கம்பியிலிருந்து அகற்றியது. 2014இலே மீண்டுஞ் சேர்த்துக்கொண்டது. ஒரு நிறுவனம் கண்ணசைத்தால் இலட்சக்கணக்கான வீடுகளிலிருந்து ஓர் அலைவரிசை ஓரிரவில் மறைந்துவிடும். அலைவரிசைகள் பெருகினவே தவிர, அவற்றுக்கான வாயில்கள் பெருகவில்லை.

இத்தனை இடிபாடுகளினூடே தோன்றியதுதான் நாம் தொடக்கத்திற் கண்ட 'கிளாசிக் ஆர்ட்ஸ் ஷோகேஸ்'. அதை நிறுவிய லொயிட் ரிக்லர் கலைஞரல்லர், வியாபாரி. 1940களின் இறுதியிலே அவரும் அவரது பங்காளியான லோரன்ஸ் டொய்ச்சும் ஒரு சமையற்காரரிடமிருந்து ஒரு தூளின் உரிமையை வாங்கினர். கடின இறைச்சியை மெதுமையாக்கும் அத்தூள் 'அடோல்ஃப்' என்னும் சமையற்காரரின் பெயரிலேயே புட்டிகளில் அடைக்கப்பட்டது. போருக்குப் பிந்திய அமெரிக்கச் சமையலறைகளில், மலிந்த இறைச்சியை உயர்ந்த இறைச்சிபோல் உண்ணலாம் என்னும் ஆசையிலே அது பெருஞ் செல்வத்தை ஈட்டிற்று. 1974இலே அத்தொழிலை விற்றுவிட்டு, இருவரும் பணத்தை இசைநாடகத்துக்கும் இசை நூலகங்களுக்கும் செலவிட்டனர். அமெரிக்காவின் பெரும் நூலகங்களிற் கிடந்த பழைய இசைத்தட்டுகளுக்கு ஒரு பொது அட்டவணை அவர்களுடைய உதவியால் உருவாயிற்று. டொய்ச் 1977இற் காலமானார். ரிக்லர் தம் முதுமையிலே, இருவர் பெயரிலும் அமைந்த நிதியத்தின் பணத்தைக் கொண்டு இவ்வலைவரிசையை ஆரம்பித்தார். 2003இல் அவர் மறைந்த பின்னரும் அது ஓடிக்கொண்டிருக்கிறது.

அத்தூளின் உயிர்நாடி எதுவென்பதை நம் நாட்டு வாசகர்க்கு விளக்க வேண்டியதில்லை. முற்றிய ஆட்டிறைச்சியோடு பப்பாசிக்காய்த் துண்டொன்றைப் போட்டு வேகவைக்கும் நம் வீட்டுப் பெண்கள் அதை அறிவர். பப்பாசிக்காயை விடியற்காலையிற் கீறி, வடியும் பாலைத் தட்டிலே ஏந்தி, உலர்த்தித் தூளாக்கினாற் கிடைப்பது பப்பெயின். இரண்டாம் உலகப் போருக்கு முந்திய ஆண்டுகளில் உலகச் சந்தைக்கு அதை அனுப்பியோருள் இலங்கை முன்னணியில் நின்றது. பின்னர் கிழக்காபிரிக்க நாடுகள் முந்தின. பால் பட்டாற் கைத்தோலை அரிக்கும். காலையிலே மரத்தின்கீழ் நின்று அதைச் சேகரித்தோர் வெப்பமண்டலக் கமக்காரரும் கூலியாட்களும். கலைக்குத் தூய்மையான பணம், தூய்மையற்ற பணம் என்று பிரித்துப் பார்ப்பதற்காக இதை நான் கூறவில்லை. நியூயோர்க்கின் இசைநாடகக் குரலொன்று விளம்பரமின்றி இலவசமாக ஒலிப்பதற்கும் எங்கோ ஒருவன் வேலை செய்திருக்கிறான். இலவசம் என்னும் சொல்லின் பின்னால் அவன் நிற்கிறான் என்பதை மட்டும் சுட்டுகிறேன்.

ரிக்லரின் அலைவரிசை எப்படிப் பிழைத்தது? எம்.டி.வி.யின் வடிவத்தை அவர் எடுத்துக்கொண்டார். நீண்ட படைப்புகளை ஆக்காது, ஏற்கனவே எடுக்கப்பட்ட படங்களிலிருந்து சிறு பகுதிகளைத் தொகுத்தார். வாரத்துக்கு எட்டு மணிநேரப் புதிய தொகுப்பு; அதுவே திரும்பத் திரும்ப ஓடும். சிறு துண்டுகளைச் சுவைத்தவர் எழுந்து வெளியே சென்று, தம் ஊரின் அரங்கிலே உயிருள்ள கலையைக் காண்பர் என்பது அவருடைய எண்ணம். இதிலே பெருந்தன்மை உண்டு. பார்வையாளரைப் பெட்டிமுன் கட்டிவைக்க விரும்பாத ஒரே தொலைக்காட்சி அதுவாகவே இருக்கலாம். எனினும் குறையுமுண்டு. ஒரு சிம்பனியின் ஐந்து நிமிடம் அந்தச் சிம்பனியாகாது. பேர்ன்ஸ்டைன் செய்ததுபோல் அது ஏன் அவ்வாறு அமைந்தது என்று விளக்குவார் இங்கில்லை. இன்று வாழும் நடனக்காரிக்குப் புதிய நடனம் ஆக்கவென்று அழைப்பும் இல்லை, ஊதியமும் இல்லை. சி.பி.எஸ். கேபிள் பணத்தையிழந்து மாண்டது கலையை ஆக்கியதனால்; இது பிழைத்திருப்பது ஆக்காததனால்.

மேலும், நிதியத்தின் பணம் மட்டும் அதனை வீடுகளுக்குக் கொண்டுசெல்லவில்லை. இலவசமாகக் கொடுத்தாலும் பெரிய கேபிள் நிறுவனங்கள் தம் விலையுயர்ந்த இடத்தை அதற்குத் தரவில்லை. அதை எடுத்து ஒளிபரப்பியோர் பெரும்பாலும் நகரசபைகளும் கல்லூரிகளும் பொதுமக்கள் அலைவரிசைகளுமேயாவர். அவ்வலைவரிசைகள் எவ்வாறு கிடைத்தன? 1972இலே கூட்டாட்சி ஆணைக்குழு, பெருநகரக் கேபிள் நிறுவனங்கள் பொதுமக்களுக்கும் கல்விக்கும் உள்ளூராட்சிக்கும் அலைவரிசை ஒதுக்க வேண்டுமென விதித்தது. நிறுவனங்கள் வழக்குத் தொடர்ந்தன. 1979இலே உயர்நீதிமன்றம் அவ்விதியைத் தள்ளியது. 1984ஆம் ஆண்டின் சட்டம், வீதிகளின் வழியே கம்பி இழுக்க அனுமதி கொடுக்கும் உள்ளூராட்சி அதற்கு ஈடாக அலைவரிசைகளையும், வருவாயில் நூற்றுக்கு ஐந்துவரை கட்டணத்தையும் கேட்கலாமென அனுமதித்தது. ஆகவே 'நிறைவின் தொலைக்காட்சி'யிலே கலைக்கு இறுதியிற் கிடைத்த இடம், சந்தை தானாக ஈந்த இடமன்று. ஊர் மக்களின் வீதிக்கு வாடகையாகச் சட்டம் பறித்துக் கொடுத்த இடம்.

வேறு வழியே இல்லையா என்று வினவுவோர் அத்திலாந்திக்குக் கடலின் மறுகரையைப் பார்க்கலாம். 1990 ஒக்டோபரில் பிரான்சும் மேற்கு ஜெர்மன் மாநிலங்களும் ஓர் ஒப்பந்தஞ் செய்து 'ஆர்ட்டே' என்னும் கலை அலைவரிசையை நிறுவின. ஸ்திராஸ்பூரைத் தலைமையிடமாகக் கொண்டு 1992 மே மாதம் 30ஆந் திகதி அது தொடங்கிற்று. இரு நாட்டு மக்களும் செலுத்திய தொலைக்காட்சிக் கட்டணமே அதன் வருவாய். பிரான்சிலே அவ்வாண்டு ஏப்பிரலில் 'லா சாங்க்' என்னும் தனியார் வர்த்தக அலைவரிசை கடனில் மூழ்கி மூடப்பட்டிருந்தது. அதன் வான்வழி அலைகளை அரசு ஆர்ட்டேக்குக் கொடுத்தது. வர்த்தகம் தோற்ற இடத்திலே கலை குடிபுகுந்த அபூர்வமான நிகழ்ச்சி அது. ஆர்ட்டேயைப் பார்ப்போரும் சிறுபான்மையினரே. மேட்டுக்குடியினரின் அலைவரிசை என்னும் ஏளனம் அதற்கும் உண்டு. ஆனால் அது புதிய திரைப்படங்களுக்கும் விவரணப் படங்களுக்கும் பணங் கொடுத்து அவற்றை ஆக்குவிக்கிறது. முப்பதாண்டுகளுக்குப் பின்னரும் தன் பெயருக்குப் பொருந்தவே நிற்கிறது. எனினும் பிரான்சு 2022இலே தொலைக்காட்சிக் கட்டணத்தை ஒழித்து, பொது வரியிலிருந்து ஒரு பகுதியை ஒதுக்கத் தொடங்கியது. கட்டணம் பார்வையாளர் கையிலிருந்து நேரே வந்தது. வரியின் பங்கு ஒவ்வோர் ஆண்டும் அரசின் மேசையைக் கடந்து வரவேண்டும்.

அமெரிக்காவிலோ 2025 யூலையிலே, பொது ஒளிபரப்புக்கென ஏற்கனவே ஒதுக்கியிருந்த 110 கோடி டொலரைப் பாராளுமன்றம் திரும்பப் பெற்றுக்கொண்டது. 1967ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே பிறந்த பொது ஒளிபரப்புக் கூட்டுத்தாபனம் அடுத்த மாதமே தன் வேலைகளை முடித்துக்கொள்ளப் போவதாக அறிவித்தது. கேபிளின் காலமும் மங்கி வருகின்றது. மக்கள் கம்பியை அறுத்துவிட்டு இணையவழியே படம் பார்க்கின்றனர். நகரசபைகளின் கட்டணம் கேபிள் வருவாயின் பங்காகவே சட்டத்தில் எழுதப்பட்டது. இணையவழி நிறுவனங்கள் அதைச் செலுத்துவதில்லை. ஆதலின் சந்தாதாரர் குறையக் குறைய அக்கட்டணமும் குறைகிறது. ரிக்லரின் பாடகர்களையும் நடனக்காரரையும் வீடுகளுக்குக் கொண்டுசென்ற அந்தச் சிறிய நகரசபை நிலையங்கள் பல பூட்டப்பட்டுவிட்டன.